பணம் போகிறது, கட்டடம் ஏறவில்லை: வங்கிக்காக சைட் பார்ப்பவர்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

வங்கிக் கடனில் எழும்பும் கட்டடத்தை வங்கியின் சார்பில் போய்ப் பார்த்து, வேலை எவ்வளவு முடிந்தது, பணம் எதற்குப் போனது என்று எழுதிக் கொடுப்பவரைத் தொழிலில் எல்.ஐ.இ. (லெண்டர்ஸ் இண்டிபென்டன்ட் இன்ஜினியர், கடன் கொடுத்தவரின் சார்பற்ற இன்ஜினியர்) என்பார்கள். பில்டரும் அவருக்கு முதலாளி இல்லை, கான்ட்ராக்டரும் இல்லை. காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் அபார்ட்மென்ட், ராணிப்பேட்டை சிப்காட்டில் தொழிற்சாலை ஷெட், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி விரிவாக்கம், நெடுஞ்சாலை ஓரமாகக் கல்யாண மண்டபம் என்று நம் வேலூர்ப் பக்கம் இந்த வேலை நிறையவே இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வரும் இன்ஜினியர்களுக்கும், தவணை விடுவிக்கும் முன் ரிப்போர்ட்டைப் படிக்கும் கிளை அதிகாரிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் எத்தனை பக்கம் இருந்தாலும், ஒவ்வொரு மாதமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மீதி வேலையை மீதிப் பணத்தில் முடிக்க முடியுமா? இதுவரை எவ்வளவு செலவானது என்பது அந்தக் கேள்விக்குப் போகும் வழி மட்டுமே. இந்த வீடுகளுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களில் மருத்துவமனை நர்ஸ், பள்ளி ஆசிரியர், பி.எஃப். பணத்தை எடுத்துப் போட்டவர் என்று எல்லோரும் இருப்பார்கள். பணம் பாதியில் தீர்ந்தால் வங்கிக்கு வாராக்கடன் என்று ஒரு கணக்கு ஏறும். அவர்களுக்கோ வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்ந்து ஓடும்.

சைட்டுக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: அனுமதி பெற்ற பிளான், பி.ஓ.க்யூ. (எந்த வேலை எவ்வளவு, என்ன ரேட் என்ற பட்டியல்), சாங்ஷன் கடிதம் (வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம்), போன மாத ரிப்போர்ட், திட்டக் கணக்கின் பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த மாதப் பில்கள். இவற்றில் ஸ்டேட்மென்ட் மட்டும் பில்டர் கொடுத்த பி.டி.எஃப். ஆக இருக்கக் கூடாது. வங்கியிடமிருந்தே நேராக வாங்குங்கள்.

செலவு 65 சதவீதம், கட்டடம் 45 சதவீதம்

அதிகம் பார்க்கும் அறிகுறி இதுதான். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பார்த்த உடனே பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம், எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட வேண்டாம். செலவானதைக் கூறு கூறாகப் பிரியுங்கள்.

கணக்குக்காக 12 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலம், அனுமதி இரண்டுக்கும் 2.5 கோடி. கட்டுமானம் 8 கோடி. வட்டி, கட்டணம், விற்பனைச் செலவு எல்லாம் சேர்த்து 1.5 கோடி. இதுவரை 7.8 கோடி செலவாகிவிட்டது, அதாவது 65 சதவீதம். நீங்கள் போய் அளந்தால் கட்டுமானத்தில் 3.6 கோடிக்குத்தான் வேலை நடந்திருக்கிறது, அது 45 சதவீதம். இந்த இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தப்பு, ஏனென்றால் முதல் சதவீதத்தில் நிலமும் வட்டியும் சேர்ந்திருக்கிறது. பிரித்துப் பார்ப்போம். நிலம், அனுமதி 2.5 கோடி. வட்டி வகை 0.8 கோடி. அளந்த வேலை 3.6 கோடி. சைட்டில் கிடக்கும் கம்பி, டைல்ஸ், சிமெண்ட் 35 லட்சம். லிஃப்ட் கம்பெனிக்கும் ஜன்னல்காரருக்கும் கொடுத்த அட்வான்ஸ் 40 லட்சம். இதையெல்லாம் கூட்டினால் 7.65 கோடி வரும். மீதி 15 லட்சத்துக்கு ஆதாரம் இல்லை. விசாரிக்க வேண்டியது இந்தப் 15 லட்சத்தைத்தான், 20 சதவீத வித்தியாசத்தை அல்ல.

இத்தோடு நின்றால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அடுத்து முன்னால் பாருங்கள். மீதிக் கட்டுமானம் பழைய எஸ்டிமேட்படி 4.4 கோடி. இன்றைய விலையில் மறுபடி போட்டால் 4.9 கோடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கும் அட்வான்ஸும் ஏற்கெனவே கொடுத்தது என்பதால் 75 லட்சத்தைக் கழித்தால் 4.15 கோடி. தாமதத்தால் வட்டி வகையில் இன்னும் 90 லட்சம் வேண்டும். ஆக மொத்தம் 5.05 கோடி. கையில் மிச்சமிருக்கும் நிதி, அதாவது எடுக்காத கடன், புரமோட்டர் (திட்டத்தை நடத்தும் முதலாளி) இன்னும் போட வேண்டியது, வாங்குபவர்களிடமிருந்து வர வேண்டியது மூன்றும் சேர்ந்து 4.2 கோடி. 85 லட்சம் இடிக்கிறது. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வர வேண்டிய எண் இது. 45-க்கும் 65-க்கும் இடையில் இருக்கும் இடைவெளி பின்னால் வந்தால் போதும்.

இந்த 85 லட்சத்தைப் புரமோட்டர் அடுத்த தவணைக்கு முன்பே கொண்டுவர வேண்டும். பின்னால் விற்பனை வந்ததும் போடுகிறேன் என்பதை ஏற்கக் கூடாது. விற்பனை வரவை மேலே ஒரு தடவை கணக்கில் சேர்த்தாகிவிட்டது, அதே பணத்தை இரண்டாம் தடவை காட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

மறு எஸ்டிமேட் போடும்போது விலை ஏற்றத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 2019-இல் வந்த முறைப்படி வீட்டுத் திட்டங்களில் பில்டருக்கு உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, அதனால் இந்தக் குறைவு செலவில் நேராகவே தெரிய வேண்டும். அதற்கு முன் போட்ட எஸ்டிமேட்டில் பழைய வரி அப்படியே உட்கார்ந்திருந்தால் மீதிச் செலவு வீங்கித் தெரியும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில கான்ட்ராக்டர்கள் பி.ஓ.க்யூ. போடும்போதே மண் வேலைக்கும் ஃபுட்டிங்குக்கும் ரேட்டை ஏற்றி, பெயின்ட், டைல்ஸ், பிளம்பிங் ரேட்டை அடிமட்டத்தில் வைப்பார்கள். மொத்தத் தொகை நியாயமாகவே தெரியும். ஆனால் முதல் நான்கு பில்லிலேயே லாபத்தை எடுத்துவிடுவார்கள், பூச்சு வேலைக்கு வரும்போது அவர்களுக்கு ஆர்வம் போய்விடும். பி.ஓ.க்யூ. ரேட்டைப் பொதுப்பணித் துறை ரேட்டோடு அயிட்டம் அயிட்டமாக ஒப்பிட்டால் ஒரே மாலையில் தெரிந்துவிடும். தெரிந்தால், பில் ரேட்டை விட்டுவிட்டு உங்கள் சொந்த எடைமதிப்பில் (மொத்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் தரும் சதவீதப் பங்கில்) முன்னேற்றத்தைக் கணக்கிடுங்கள்.

சி.ஏ. சான்றிதழ் ஒன்று சொல்கிறது, இன்ஜினியர் சான்றிதழ் வேறு சொல்கிறது

பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஆடிட்டர் பார்ப்பது பணம் வெளியே போன தேதி. இன்ஜினியர் பார்ப்பது வேலை நடந்த தேதி. வேலை முடிந்து பில் பாஸ் ஆகாமல் இருந்தால் இன்ஜினியர் எண் முன்னே ஓடும். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ஆடிட்டர் எண் முன்னே ஓடும். இடையில் பிடித்துவைத்த ரிடென்ஷன் தொகை (குறை வந்தால் சரிசெய்யக் கான்ட்ராக்டர் பில்லில் நிறுத்திவைப்பது), டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி. மூன்றும் குழப்பும். இவற்றை வரிவரியாக எழுதி ஒரு எண்ணிலிருந்து மற்ற எண்ணுக்கு நடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் விஷயம் அத்தோடு தீர்ந்தது.

அபார்ட்மென்ட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதைத் தொடலாம். அதையும் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்த முன்னேற்ற அளவுக்குத்தான் எடுக்கலாம். ரெராவுக்குக் கொடுத்த சான்றிதழில் 60 சதவீதம், வங்கிக்குக் கொடுத்ததில் அதே மாதம் 70 சதவீதம் என்று இருந்தால், இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். வாய் விளக்கம் வேண்டாம்.

கம்பி பில் கட்டடத்தைவிடப் பெரிதாக இருக்கிறது

இங்கே கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். கம்பியும் சிமெண்ட்டும்தான் நமக்குக் கிடைக்கும் மிகச் சுத்தமான சாட்சி. கூலியை ஏற்றி இறக்கிச் சொல்லலாம். தளத்துக்குள் எத்தனை டன் கம்பி போக முடியும் என்பதை மாற்ற முடியாது.

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் வந்துவிடும். 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் இருக்கும் கம்பிப் பட்டியலை வைத்து ஒரு தளத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். 30 சதுரம், அதாவது 3,000 சதுர அடித் தளம் ஒன்றுக்குச் சிலாப், பீம், தூண் எல்லாம் சேர்ந்து 7.2 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக் கழிவு 3 சதவீதம் சேர்த்தால் சுமார் 7.4 டன். அந்தத் தளம் கட்டிய நாட்களுக்கான பில் 11 டன். யார்டில் கிடப்பதை எண்ணினால் 2 டன். 1.6 டன் எங்கே?

மூன்று இடத்தில் இருக்கலாம். அதே பில்டரின் வேறு சைட்டுக்கு வண்டி போயிருக்கும். அல்லது பில் மட்டும் வந்து சரக்கு வராமல் இருந்திருக்கும். அல்லது டிராயிங் மாறி உண்மையிலேயே கம்பி கூடியிருக்கும். மூன்றாவதைத் திருத்திய டிராயிங் காட்டும். முதல் இரண்டுக்கும் வே-பிரிட்ஜ் (வண்டி எடை மேடை) சீட்டும் இ-வே பில்லும் (சரக்கு வண்டியோடு வரும் ஜி.எஸ்.டி. சீட்டு) பாருங்கள். இ-வே பில்லில் இருக்கும் வண்டி எண், சைட் வாட்ச்மேன் நோட்டில் அந்தத் தேதியில் இருக்கிறதா? அந்த நோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல சைட்டில் மறைக்கவோ திருத்தவோ யாரும் நினைக்காத ஒரே பதிவு அதுதான்.

டெலிவரி முகவரியும் முக்கியம். நம் பகுதியில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாயின. பழைய பத்திரத்தில் வடஆற்காடு என்றும், பிளானில் வேலூர் மாவட்டம் என்றும், புதுப் பில்லில் ராணிப்பேட்டை மாவட்டம் என்றும் ஒரே மனைக்கு மூன்று பெயர் வரும். மாவட்டப் பெயர் மாறியிருக்கிறது என்பதற்காகப் பில்லைத் தள்ளவும் வேண்டாம், வேறு சைட் பில்லை ஏற்கவும் வேண்டாம். சர்வே எண், கிராமம், பின்கோடு மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சிமெண்ட்டுக்கு வருவோம். எம் 20 தரக் கான்கிரீட் சைட்டிலேயே கலந்தால் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை. ரெடிமிக்ஸ் வாங்கினால் மூட்டையே வேண்டாம். ஃபிரேம் மட்டும் எழும்பியிருக்கும் கட்டடத்தில் ரெடிமிக்ஸ் பில்லும் இருந்து, நூற்றுக்கணக்கில் சிமெண்ட் மூட்டைப் பில்லும் இருந்தால், செங்கல் கட்டும் பூச்சும் தொடங்காத நிலையில் அந்த மூட்டைகள் எங்கே போயின என்று கேளுங்கள். குடோனில் அடுக்கியிருந்தால் தயாரித்த வாரத்தைப் பாருங்கள், மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டிய சிமெண்ட்டை மறுபரிசோதனை செய்யாமல் கையிருப்பு மதிப்பில் சேர்க்காதீர்கள். எம் சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. குவியலை டேப் வைத்து அளந்தாலே போதும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறி இன்னும் ஆபத்து. பில் தொகை குறைவு, கணக்கில் வர வேண்டிய கம்பியைவிட வாங்கிய கம்பி குறைவு. வங்கி அதிகாரி இதைப் பார்த்துச் சிக்கனமான பில்டர் என்று சந்தோஷப்படக் கூடும். நாம் அப்படி விடக் கூடாது. 7.4 டன் போக வேண்டிய தளத்துக்கு மொத்த வாங்கலே 6 டன் என்றால், ஒன்று பில் இல்லாமல் வாங்கியிருக்கிறார்கள், இல்லை கம்பியைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டாவதாக இருந்தால் இது பணப் பிரச்சினையே இல்லை, அந்த வீட்டில் தூங்கப் போகிறவர்களின் உயிர்ப் பிரச்சினை. உடனே கவர் மீட்டர் (கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி) வைத்துக் கம்பி இடைவெளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அடுத்த தளத்துக்குத் தவணை விட வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள்.

மாதா மாதம் 80 சதவீதத்திலேயே நிற்கிறது

ரூஃப் போட்டு முடிந்ததும் எல்லோருக்கும் கட்டடம் முடிந்த மாதிரித் தெரியும். ரிப்போர்ட்டும் 75, 80 என்று தாவிவிடும். அப்புறம் நகராது. வேலை நிற்கவில்லை, முதலில் போட்ட எடைமதிப்பு தப்பு. லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், கழிவுநீர் சுத்திகரிப்பு, தீயணைப்புக் குழாய், ஜன்னல், டைல்ஸ், பெயின்ட், மதில் சுவர், ரோடு என்று பணத்தைக் குடிக்கும் அயிட்டங்கள் எல்லாம் கடைசியில்தான் வருகின்றன.

சரி செய்வது சுலபம். பி.ஓ.க்யூ. தொகையின்படி எடைமதிப்பை மறுபடி போடுங்கள், அந்த மாதமே சதவீதத்தைக் குறைத்துக் காட்டுங்கள். 80 சொன்ன இடத்தில் 62 என்று எழுதினால் கிளையிலிருந்து போன் வரும். வரட்டும். பழைய முறை, புதிய முறை இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும்.

வேலை மெதுவாகிறது, காரணம் மாதத்துக்கு ஒன்று

ஒரு மாதம் மழை, ஒரு மாதம் ஆள் இல்லை, ஒரு மாதம் எம் சாண்ட் கிடைக்கவில்லை. எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம். வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள். நம் ஆட்கள் பொங்கலுக்கு ஒரு வாரம் வரமாட்டார்கள். குவாரி ஸ்ட்ரைக் வந்தால் ஜல்லி நிற்கும். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது ஆற்றோரச் சைட்டுகளில் வேலை நின்றது நியாயமே. ஆனால் மழை காரணம் என்றால் எந்த வேலை நின்றது என்று கேளுங்கள். கான்கிரீட்டும் வெளிப்பூச்சும் நிற்கும். ரூஃப் போட்ட தளத்துக்குள் உள்பூச்சு ஏன் நின்றது?

காரணம் மாறிக்கொண்டே இருந்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் பணத் தட்டுப்பாடு. அதைப் பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டுவதற்கு முன்னால் சைட் காட்டிவிடும். நம் ஊரில் கட்டட வேலைக்குச் சனிக்கிழமை சம்பளம். அதனால் சனிக்கிழமை மாலையோ திங்கள் காலையோ போங்கள். மேஸ்திரியிடம் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருங்கள், கேட்காமலே வரும். "சார், முன்னே எல்லாம் சனிக்கிழமை ஆனா கணக்கு முடிச்சிடுவாங்க. இப்போ செலவுக்கு மட்டும் தர்றாங்க, மீதி அடுத்த வாரம்னு சொல்றாங்க" என்று ஒரு மேஸ்திரி சொன்னால், அந்தத் திட்டத்தில் பணம் இறுகத் தொடங்கிவிட்டது. செலவுக்குத் தருவது என்றால் வாரச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கொஞ்சம், கூலியின் பெரும்பகுதி பாக்கி. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனால் நல்ல கொத்தனார்கள் முதலில் கிளம்புவார்கள். மிச்சம் இருப்பவர்களைக் கொண்டு சித்தாள் வேலையாக ஒப்பேற்றுவார்கள். ஆள் எண்ணிக்கை குறையாது, வேலை நடக்காது. ஆகவே வருகைப் பதிவேட்டில் மொத்தத் தலையை மட்டும் எண்ணாமல், கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், சித்தாள் என்று வகை பிரித்து எழுதுங்கள்.

இன்னொரு சான்று, வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் சாமான். ஷீட்டும் ஜாக்கியும் நாள் வாடகை. அது வாரக் கணக்கில் சும்மா கிடக்கிறதென்றால் கான்கிரீட்டுக்குப் பணமில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். சப்ளையர் பாக்கிப் பட்டியலை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து வாங்குங்கள். 90 நாள் வரிசை மாதா மாதம் வளர்ந்தால், முதல் அறிகுறியில் சொன்ன மீதிப் பணக் கணக்கில் அந்தப் பாக்கியையும் சேர்த்துப் போட வேண்டும். நடந்த வேலைதான், ஆனால் காசு இன்னும் போகவில்லை.

மேஸ்திரி சொன்னதை ரிப்போர்ட்டில் அவர் பெயரோடு எழுதாதீர்கள். அவருக்கு அடுத்த வாரம் அங்கே வேலை வேண்டும். அவர் சொன்னது எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். ரிப்போர்ட்டில் வர வேண்டியது தோண்டிக் கிடைத்த ஆவணம்.

வேகம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது

தாமதமான திட்டம் திடீரென்று வாரம் ஒரு தளம் என்று ரிப்போர்ட் வந்தால் சந்தோஷத்துக்கு முன் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ஐ எடுங்கள். தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி (ஸ்பான்) 4.5 மீட்டர் வரை உள்ள சிலாபுக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். போதுமான சென்ட்ரிங் செட் இருந்து கீழ் முட்டுகளை எடுக்காமல் மேலே போகிறார்கள் என்றால் சரி. ஒரே செட்டை வைத்துக்கொண்டு மேலே ஏறினால் முட்டுகளைச் சீக்கிரம் பிரித்திருக்கிறார்கள்.

வேலூர் வெயிலில் கியூரிங்கையும் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதை) பாருங்கள். வறண்ட வெப்பத்தில் குறைந்தது 10 நாளாவது ஈரம் காய விடக் கூடாது என்கிறது அதே விதி. அக்னி நட்சத்திரத்தில் மதியம் 2 மணிக்குப் போய்த் தளத்தில் கை வையுங்கள். ஈரச் சாக்கோ பாத்தி கட்டிய நீரோ இல்லாமல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தால், கியூப் (கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்க எடுக்கும் மாதிரிக் கட்டி) ரிப்போர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் குறித்துவையுங்கள். கியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள், தளம் வெயிலில் கிடக்கிறது. கியூப் எண்ணிக்கையும் சரிபாருங்கள். 16 முதல் 30 கனமீட்டர் வரை மூன்று மாதிரி, 50 வரை நான்கு, ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கியூப். கான்கிரீட் 48 கனமீட்டர், ரிப்போர்ட்டில் மூன்றே கியூப் என்றால் சோதனை நடந்ததாகச் சொல்ல முடியாது.

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. சைட்டில் நான்கு நிலையான இடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். பில்டர் அனுப்பும் படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

புரமோட்டர் பங்கு வந்துவிட்டது என்கிறார்கள்

வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, தங்கியதா என்று பாருங்கள். மாதக் கடைசியில் 50 லட்சம் கணக்குக்குள் வரும், அடுத்த வாரமே சப்ளையர் அட்வான்ஸ் என்ற பெயரில் அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். பெரிய தொகை வந்த பின் பத்துப் பதினைந்து நாள் டெபிட் ஒவ்வொன்றையும் பாருங்கள், பெறுபவரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் இயக்குநர்களையும் தேடிப் பாருங்கள். வாங்குபவர்கள் கட்டிய அட்வான்ஸைப் புரமோட்டர் பங்கு என்று காட்டியிருக்கிறார்களா, நிலத்தைப் பத்திர விலையில் சேர்த்தார்களா இன்றைய சந்தை விலையில் சேர்த்தார்களா என்பதும் இங்கேதான் பிடிபடும். சாங்ஷன் கடிதம் எதை ஒப்புக்கொண்டதோ அதுவே அளவுகோல்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டக் கடன் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. வேலையின் முன்னேற்றத்துக்கும் புரமோட்டர் போட்ட பணத்துக்கும் ஏற்ற அளவில்தான் கடன் வெளியே போக வேண்டும். முன்னேற்ற நிலைக்கு எல்.ஐ.இ. அல்லது ஆர்க்கிடெக்ட் சான்று வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு இப்போது கனம் கூடியிருக்கிறது.

எக்ஸ்ட்ரா வேலை என்று புதுப் பில்

மலையடிவார மனைகளில் இது சாதாரணம். மண் என்று நினைத்துத் தோண்டினால் பாறை. பாறை உடைக்கும் ரேட் மண் ரேட்டைவிடப் பல மடங்கு. உண்மைதானா என்பதைப் பள்ளத்தை மூடும் முன் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அஸ்திவாரக் கட்டத்தில் மாதம் ஒரு முறை போதாது, ஃபுட்டிங் கான்கிரீட் போடும் முன் தகவல் கொடுக்கும்படி முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். மண் பரிசோதனை அறிக்கையில் எத்தனை அடியில் பாறை என்று இருக்கும். அங்கே ஐந்து அடியில் பாறை என்று எழுதியிருந்தும் பி.ஓ.க்யூ.வில் மண் ரேட் மட்டும் போட்டிருந்தால், அது எதிர்பாராத செலவு இல்லை. எஸ்டிமேட்டை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது. கன்டின்ஜென்சி (எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய) தொகையிலிருந்து கொடுக்காமல் புரமோட்டர் தலையில் போடச் சொல்லுங்கள்.

பிளானில் இல்லாத தளம்

அனுமதி ஸ்டில்ட்டும் (தரைத்தளத் தூண் பார்க்கிங்) நான்கு மாடியும். சைட்டில் ஐந்தாவதுக்குத் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு, ஹெட் ரூமுக்கு என்பார்கள். எத்தனை தூணில் கம்பி விட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். படிக்கட்டைச் சுற்றி நான்கு என்றால் நம்பலாம். எல்லாத் தூணிலும் என்றால் மாடி வருகிறது. அன்றே வங்கிக்கு எழுதுங்கள், மாத ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அனுமதி மீறிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் இந்த அளவு அபார்ட்மென்ட்டுக்கு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. அப்புறம் முதல் நான்கு மாடியில் வாங்கியவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்தது, கடைசித் தவணை விடுங்கள்

பெயின்ட் அடித்து, ரிப்பன் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள். கழிவறைக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் சீலிங்கை மறுநாள் காலையில் பாருங்கள். லிஃப்ட்டுக்கு லைசென்ஸ், டிரான்ஸ்ஃபார்மருக்கு இணைப்பு, தீயணைப்புத் துறை சான்று, நிறைவுச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த ரசீதைச் சான்றிதழாக எடுக்க வேண்டாம். மீதி வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போட்டு, அதன் ஒன்றரை மடங்கைப் பிடித்துவைக்கச் சொல்லிப் பரிந்துரையுங்கள். கான்ட்ராக்டரிடம் பிடித்த ரிடென்ஷன் தனியாக இருக்கட்டும், அது குறைபாட்டுக் காலம் (வரும் குறைகளைக் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்த பின்தான். அந்தக் காலத்துக்குள் ஒரு மழைக்காலமாவது வரும்படி தேதி போட்டிருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.